தபால்காரனை அலை தாண்ட வைத்த ஜின்

மௌலவி ஓதிக் கொடுத்த தண்ணீரைப் போத்தலிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி, மூலை மூலையாகத் தெளித்துக்கொண்டு வந்தார் உம்மா. முக்காடு நெற்றி வரை இழுபட்டிருந்தது. உதடுகள் அசைந்தன. முகத்தில் அப்படி ஒரு பக்தி.

என் கணவர் நவாஸ் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழ் வீட்டு ஜெஸீமா ராத்தா படிக்கட்டில் நின்றபடி எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஜின் புகுந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

விரட்டப்பட வேண்டிய ஜின் உம்மாவேதான் என்பது எனக்கு மட்டும் தெரியும். சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய், தேவையே இல்லாமல் ஒரு தேங்காயை உடைத்தேன்.

தொலைக்காட்சி இருந்த மூலைக்கு வந்ததும் உம்மாவின் கை நின்றது. "இதுக்கு வேணாம். கரண்டு சாமான்" என்றார், யாரையும் பார்க்காமல். அந்த மூலையில் ஒரு துளிகூட விழவில்லை.

இருமலும் செருப்பும்

அகதி முகாமின் தகரக் கொட்டிலில் நடந்த என் கலியாணத்தைப் பற்றிப் போன கிழமை எழுதியிருந்தேன். அந்த மாப்பிள்ளை பிறகு என்ன ஆனார் என்று பலர் கேட்டார்கள். எங்கள் ஊர் மாப்பிள்ளைமார் என்ன ஆவார்களோ அதுதான் ஆனார். கட்டாருக்குப் போனார். ஏசி, பிரிட்ஜ் திருத்துகிற வேலை. யுத்தம் முடிகிற காலத்துக்குச் சற்று முன்னால், ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குத் தாய் தகப்பன் கொடுப்பது. ஆகவே மாமியும் மருமகனும் காலம் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் நேருக்கு நேர் நின்று கதைக்கக் கூடாது. அது மரியாதை.

பெரிய வீடுகளில் இது சுலபம். வாப்பா எனக்கென்று கடற்கரைப் பக்கம் கட்டிய வீட்டில் இதற்காகவே குசினிக்குத் தனி வாசல் வைத்திருந்தார். ஒவ்வொரு போக வெள்ளாமை வெட்டி முடிந்ததும் அந்த வீட்டில் ஒரு சுவர் எழும்பும். கடைசியில் ஓடு போடுகிற வேலை மட்டும் மிச்சம். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஓடு இறக்குகிறவர்களைப் பார்க்க வாப்பா போயிருந்தார். அதன் பிறகு வீடும் இல்லை, வாப்பாவும் இல்லை.

வீடிழந்தவர்களுக்குக் கொடுத்ததில் எங்களுக்குக் கிடைத்தது, வயலை மண் நிரப்பிக் கட்டிய தொடர்மாடியில் ஒரு மேல் வீடு. ஒரு ஹோல், இரண்டு அறைகள், குசினி. உம்மா தன் அறையிலிருந்து குசினிக்குப் போக ஹோலைக் கடந்தே ஆக வேண்டும். அறைக்குக் கதவு கிடையாது. ஒரு சீலை தொங்கியது.

கடப்பதற்கு முன் உம்மா இருமுவார். இருமல் கேட்டதும் நவாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நவாஸ் வெளியிலிருந்து வந்தால் வாசலில் செருப்பைத் தட்டுவார். உம்மா சீலைக்குப் பின்னால் மறைவார். உம்மாவுக்கு உண்மையிலேயே தடிமன் பிடித்த கிழமையில், பாவம், நவாஸ் முழு நாளும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா, மருமகனுக்குச் சோறு, ஆணம் காணுமா என்று என்னிடம் கேட்பார். நவாஸுக்குத் தெளிவாகவே கேட்கும். ஆனாலும் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். போதும் என்று சொல்லு என்பார் நவாஸ். உம்மாவுக்கும் அது கேட்கும். அதையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மீன் ஆணச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றவளுக்குச் சோறு ஆறிப் போகும்.

உலகம் திரும்புகிற விதம்

கட்டாரிலிருந்து வந்தபோது நவாஸ் ஒரு பெரிய தொலைக்காட்சியும், அதில் பூட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டி புதிதல்ல. அவருடன் ஒரே அறையில் இருந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. அதனுடன் ஒரேயொரு விளையாட்டுத் தட்டு. அதில் இருந்த எழுத்து எந்த நாட்டுப் பாஷை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

விளையாட்டில் ஒரு தபால்காரன். தோளில் பை, தலையில் தொப்பி. இடமிருந்து வலமாக ஓடுவான். குழி வந்தால் பாய வேண்டும், கல் வந்தால் ஏற வேண்டும். எல்லாம் கடதாசியில் கீறிய படம்போலத் தட்டையாக இருக்கும். ஓரிடத்தில் வானம் முட்ட ஒரு மதில் வந்து மறிக்கும். ஏறவும் முடியாது, உடைக்கவும் முடியாது.

அங்கேதான் அந்தத் திருகுதாளம். கையில் பிடித்து விளையாடுகிற கைப்பிடியின் தோள்பட்டையில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமர்த்தினால் முழு உலகமும் ஒரு கதவு திறப்பதுபோலத் திரும்பும். அதுவரை முன்னால் இருந்து பார்த்ததை இப்போது பக்கவாட்டில் இருந்து பார்ப்போம். அந்தப் பெரிய மதில், ஓரமாகப் பார்த்தால், பலகை அளவு தடிப்பும் இல்லாமல் தனியே நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் தாராளமாகப் பாதை. தபால்காரன் நடந்து போய்விடுவான். மறுபடி அமர்த்தினால் உலகம் பழையபடி தட்டையாகிவிடும்.

இதை முதல் தடவை பார்த்தபோது நான் நவாஸிடம், இது ஏமாற்று வேலை அல்லவா என்று கேட்டேன். இல்லை, கெட்டித்தனம் என்றார்.

வேலை இல்லாத மனிதன். காலையில் கல்முனை பஸாருக்குப் போய், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரைக் கண்டுவிட்டு வருவார். பின்னேரம் தபால்காரன். உம்மா சீலைக்குப் பின்னால் இருந்து அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு. தபால்காரன் ஒரு கடற்கரைக்கு வந்தான். பின்னால் இரைச்சல். திரை முழுக்க ஒரு அலை எழும்பி அவனைத் துரத்தியது. அதே நேரம் உம்மாவின் இருமல் கேட்டது.

நவாஸ் பாய்ந்து போய் தொலைக்காட்சியை அணைத்தார்.

அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கட்டத்துக்குப் போகவே இல்லை. பழைய இடங்களிலேயே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மாமி பின்னால இரிக்கா. அந்தச் சத்தம் அவக்கு என்னத்துக்கு?" என்றார். உம்மாவிடம் இதை நான் எப்படிச் சொல்வது? கடல் என்ற சொல்லையே நாங்கள் வீட்டில் சுற்றி வளைத்துத்தான் பேசுவோம்.

ஆனால் உம்மா வேறு விதமாக விளங்கிக்கொண்டார். குசினியில் மீன் கழுவிக்கொண்டே, தான் வருவது தெரிந்தால் மருமகன் டீவியை நிற்பாட்டிவிடுகிறார் என்று என்னிடம் குறைப்பட்டார். அவரைப் பிழை சொல்ல ஏலாது, வீடு கொடுக்காமல் மாப்பிள்ளை எடுத்தவள்தானே நான், எந்த முகத்தோடு முன்னுக்கு நிற்பது என்றார்.

நவாஸின் கதை அதற்கு நேர் எதிர். தன்னைக் கண்டாலே மாமி எழும்பிப் போகிறா, இந்த வீட்டில் தன்னைப் பிடிக்கவில்லை, விசா வந்தால் போய்விடுகிறேன் என்பார். போகவேண்டாம் என்று நான் கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு கிழமை ஆணத்தில் உப்பைக் குறைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

காலை நேரத்து ஜின்

நான் அப்போது பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிள்ளைகளுக்கு வெட்டிய கலர்க் கடதாசியை வீட்டில் மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பி வந்தால், ஹோலின் நடுவே பாயில் உம்மா. மூக்கில் கண்ணாடி, மடியில் கைப்பிடி. தபால்காரன் பாயும்போதெல்லாம் உம்மாவின் காலும் தரையை விட்டு எழும்பி, தொம்மென்று விழுந்தது.

என்னைக் கண்டதும் திடுக்கிட்டார். ஆனால் கைப்பிடியை வைக்கவில்லை.

தூசு தட்டும்போது எதிலோ கை பட்டு இவன் எழும்பிவிட்டானாம். நிற்பாட்டத் தெரியாததால் ஓட விட்டாராம். ஓடினவன் குழியில் விழுந்தானாம். விழுந்தவனை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லையாம். இது நடந்து சில கிழமைகள் ஆகிவிட்டன.

"அந்த அலையையும் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

உம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நேத்துப் பயந்து சீலைக்குள்ள ஓடிட்டன். இண்டைக்கு வந்து திருப்பிப் பாத்தன் மகள். ஒண்டுமில்ல. ஓரத்தால பாத்தா பாய் மாதிரி மெல்லிசு. இவன் பக்கத்தால நடந்து போயிட்டான்."

தபால்காரனை ஒரு கல்லில் ஏற்றிவிட்டு, "உங்கட வாப்பாக்கு நடக்கப் பக்கம் இருக்கல்ல" என்றார்.

கடல் வந்த நாளுக்குப் பிறகு உம்மா அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. நான் கடதாசியை எடுக்க வந்ததையே மறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதோம். அதற்குள் தபால்காரன் எதிலோ மோதிச் செத்தான். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

மருமகனிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இதில் உம்மாவுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருந்தது. பெட்டி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அன்று பின்னேரம் நவாஸ் தொடங்கியபோது தபால்காரன் கடற்கரையைத் தாண்டி ஒரு மலையடிவாரத்தில் நின்றான். அடுத்த நாள் மலையின் உச்சியில். நவாஸ் பெட்டியைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். வயரை மாற்றினார். அதற்கடுத்த நாள் தபால்காரன் ஒரு கோட்டைக்குள் நின்றான்.

பிரிட்ஜ் திருத்துகிற மனிதன். இயந்திரம் தானாக ஒன்றும் செய்யாது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அசைத்தவர் ஜெஸீமா ராத்தா. அவர் என்னைப் படியில் மறித்து, "என்னகா, நீங்க ரெண்டு பேரும் போன மறுகா மேல தொம் தொம்மெண்டு சத்தம் கேக்குதே. உங்கட உம்மா நடக்கிறது பூனை மாதிரி. அப்ப யாரு பாயுற?" என்று கேட்டார். நான் மழுப்பினேன். ஆனால் பின்னால் வந்த நவாஸின் முகம் வெளுத்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர் ஓதப்பட்டது. ஆண்கள் தெளிப்பதைவிடப் பெரியவர் ஒருவர் தெளிப்பது நல்லது என்று ஜெஸீமா ராத்தா சொல்ல, போத்தல் உம்மாவின் கைக்குப் போனது. மிச்சத்தை முதலிலேயே எழுதிவிட்டேன்.

தண்ணீர் தெளித்து ஒரு நாள் முழுக்க ஜின் சும்மா இருந்தது. மறுநாள் கோட்டையின் மேல் மாடிக்கு ஏறிவிட்டது.

பாலம்

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன அன்று, பாலர் பாடசாலையை நேரத்தோடு விட்டார்கள். வைகாசி வெயில். சந்தியில் பட்டாசு வெடித்தது. ஓட்டோக்களில் கொடிகள் பறந்தன. காவலரணில் நின்றவர்கள் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் ஆட்கள் இருக்கிற பாண்டிருப்புப் பக்கம் கதவுகள் சாத்திக் கிடந்தன. சந்தோசப்படுவதா, யாருக்காவது அழுவதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று தெரியாமல், எங்கள் ஆட்கள் தேத்தண்ணிக் கடைகளில் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

நான் மூச்சு வாங்கப் படியேறி வந்து, "யுத்தம் முடிஞ்சிட்டாம் உம்மா" என்றேன்.

"பொறு மகள், இவன் இன்னும் பாலத்தத் தாண்டல்ல" என்றார் உம்மா.

தபால்காரன் கோட்டைக்குள் ஒரு மரப்பாலத்தில் நின்றான். நிற்கிற பலகை அவன் காலுக்குக் கீழே உதிர்ந்துகொண்டே போகும். முன்னால் இருந்து பார்த்தால் அடுத்த பலகை பக்கத்தில் தெரியும். ஆனால் நடுவில் ஒரு முள்வேலி. உலகத்தைத் திருப்பினால் வேலி ஒரு கோடாகிவிடும். ஆனால் பலகை எங்கோ தூரத்தில் இருக்கும். உம்மா பல நாட்களாக இங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தார்.

பஸாரில் கடைகள் பூட்டத் தொடங்கியதால் நவாஸும் திரும்பி வந்துவிட்டார். வழக்கம்போல வாசலில் செருப்பைத் தட்டியிருக்கிறார். பட்டாசுச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உம்மாவும் பார்த்துவிட்டார். முக்காட்டை இழுக்க ஒரு கை வேண்டும். எழும்பி ஓட இரண்டு கால் வேண்டும். ஆனால் பலகை உதிர்ந்துகொண்டிருந்தது. விட்டுப் போனால் தபால்காரன் விழுந்துவிடுவான். விளையாட்டை இடையில் நிறுத்தி வைக்க ஒரு பட்டன் இருப்பது உம்மாவுக்குத் தெரியாது. ஆகவே முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, விளையாட்டைத் தொடர்ந்தார்.

தபால்காரன் விழுந்தான். மறுபடி பாலத்தின் தொடக்கத்தில் வந்து நின்றான்.

நவாஸ் தரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார், பாயத் தொடங்கின பிறகு, காற்றில் இருக்கும்போது திருப்பச் சொல்லு என்று.

நான் உம்மாவிடம், பாய்ந்து காற்றில் இருக்கும்போது திருப்பட்டாம் என்றேன். சொல்லி முடிக்க முதல் அவன் விழுந்துவிட்டான்.

எந்தப் பக்கம் பாய்கிறது என்று மருமகனிடம் கேள் என்றார் உம்மா. கேட்டேன். வலப்பக்கம் என்றார் நவாஸ். வலப்பக்கமாம் என்றேன். அவன் இடப்பக்கம் விழுந்து செத்தான். இப்போது திருப்பச் சொல்லு, இல்லை இல்லை, இப்போது என்று சொல்லு என்றார் நவாஸ். நான் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவன் திரும்பின உலகத்தில் நேராக முள்ளில் குத்துப்பட்டான்.

உம்மா கண்ணாடியை மேலே தள்ளினார்.

"நேரா சொல்லுங்க மருமகன். இவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் மௌத்தாப் போறான்."

  நவாஸ் செருப்பைக் கீழே வைத்தார். பாயின் ஓரத்தில், உம்மாவிடமிருந்து நல்ல தூரம் விட்டு, ஒரு முழங்காலில் குந்தினார்.

"இப்ப பாயுங்க மாமி. பொறுங்க. இப்ப திருப்புங்க."

உலகம் காற்றில் திரும்பியது. தபால்காரன் முள்வேலியை ஒரு கோடாக்கிப் பக்கத்தால் கடந்தான். "திரும்பவும் திருப்புங்க" என்றார் நவாஸ். உலகம் மறுபடி தட்டையானது. தூரத்துப் பலகை காலடிக்கு வந்தது. அவன் நின்றான். உம்மாவின் கால் தொம்மென்று தரையில் விழுந்தது. கீழ் வீட்டில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்த அலையையும் தாண்டினது..." என்று தொடங்கி நிறுத்தினார் நவாஸ்.

ஓம், தான்தான் என்றார் உம்மா. ஓரத்தால் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை என்றும் சொன்னார்.

"நீங்க அதப் பாக்கக்கூடாண்டுதான் மாமி நான் டீவிய நிப்பாட்டின."

உம்மா கண்ணாடியைக் கழற்றினார். முக்காட்டின் நுனியால் அதை நெடுநேரம் துடைத்தார். தன்னைப் பிடிக்காமல்தான் நிற்பாட்டுகிறார் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்ததாகச் சொன்னார். நவாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். இதையும் நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பதுபோல. நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

விசா

சில கிழமைகளில் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்தது. விசா சரி, கொழும்புக்கு வந்து மெடிக்கல் எடுக்க வேண்டும் என்றார்கள்.

 இதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் நவாஸ் தானாகவே எழும்பி, சீலைக்கு முன்னால் போய் நின்று, மாமி என்று கூப்பிட்டுச் சொன்னார்.

உம்மா வெளியே வந்தார். இருமவில்லை.

"போகாதீங்க மருமகன். இது சின்ன வீடுதான். எண்டாலும் நீங்க இரிக்கிற வீடு."

நவாஸ் தரையைப் பார்த்தபடி, "சரி மாமி" என்றார். அவ்வளவுதான்.

மாதக்கணக்காக நான் கண்ணீர் விட்டுக் கேட்டது, உம்மாவின் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. சந்தோசப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. தனியாக இருக்கும்போது அவரிடமே கேட்டேன், நான் சொன்னதெல்லாம் காதில் விழவில்லையா என்று.

"நீ சொன்னது பொஞ்சாதி சொன்னது. மாமி சொன்னது வீடு சொன்னது" என்றார்.

பஸாரில் ஒரு சின்னக் கடை எடுத்து, பிரிட்ஜ் திருத்துகிற வேலையை நவாஸ் தொடங்கினார். கடை திறக்கிற அன்று காலை, நான் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது ஹோலில் சத்தம். கோட்டையின் கடைசிக் கதவு. யாருடைய முறை என்று வாக்குவாதம். உம்மா தன் வயதைச் சொன்னார். நவாஸ், பெட்டி தன்னுடையது என்றார். வீடு யாருடையது என்று கேட்டார் உம்மா. இரண்டு பேரும் தீர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

காது கேட்காதவள்போல நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.